பச்சைக் கட்டம் என்றால் காலி

மார்ச் 4, செவ்வாய்

டயாலிசிஸ் மையத்துக்காக எங்கள் கம்பெனி செய்த வெப்சைட்டை இன்றைக்குக் காலையில் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பக்கம் திறக்கப் பதினோரு நொடி. சிறுநீரகம் கெட்டுப்போன மனுஷனை வரவேற்று மேலே பலூன் பறக்கிறது. கீழே, கடைசியில், பொடி எழுத்தில்: 'உங்கள் கனவுத் திருமணம் எங்கள் கேமராவில்.' கல்யாண போட்டோக்காரர்களுக்காக யாரோ செய்துவைத்த ரெடிமேட் டெம்ப்ளேட். மேலே பெயரை மட்டும் மாற்றி, யார் யாரோ எழுதிவைத்த துண்டு புரோகிராம்கள், பதினேழு பிளகின்களை ஒட்டி, 'முடிந்தது' என்று அனுப்பியிருக்கிறான் ஆபீஸில் என் எதிர்மேசைக்காரன். அவனுக்கு நான் வைத்த பெயர் பசை. நாற்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகள். சொந்தமாக ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. எங்கிருந்தோ பிடுங்குவான், எங்கேயோ ஒட்டுவான். சாப்பிட்ட கையைத் துடைக்காமல் கீபோர்டைத் தட்டுவான். அதில் 'எண்டர்' பட்டன் மட்டும் மஞ்சளாகப் பளபளக்கிறது. சீ.

முதலாளியிடம் சொன்னேன். போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஓடுதா?" என்றார்.

"ஓடுது சார், ஆனா..."

"ஓடுதுல்ல. அப்புறம் என்ன?"

அப்புறம் என்னவா? அந்த மையத்துக்கு வாரம் மூன்று நாள் போகிறவள் என் அக்கா. இந்த வெப்சைட் வேலையே எங்கள் கம்பெனிக்கு அவள் பிடித்துக் கொடுத்ததுதான். "என் தங்கச்சிகிட்ட குடுங்க, பிரமாதமா பண்ணுவா" என்று கவுன்ட்டரில் சொல்லிச் சொல்லி வாங்கிக் கொடுத்தாள். அவளுக்கு நான் பலூனையா காட்டுவது?

மார்ச் 5, புதன்

நிதானமாக எழுதிவைக்கிறேன், கோபத்தில் முக்கியமானதை விட்டுவிடுவேன்.

மையத்தில் ஏழு மெஷின். நோயாளிகள் நாற்பத்திரண்டு பேர். ஒரு நாளைக்கு மூன்று ஸ்லாட்: காலை ஐந்தரை, மதியம் பன்னிரண்டரை, மாலை ஆறு. அடுத்த வாரத்துக்கான மூன்று நாளை வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு போன் செய்து பிடிக்க வேண்டும். முந்தினவருக்கு நல்ல நேரம், பிந்தினவருக்கு மிச்சம்.

அக்காவுக்குச் சர்க்கரையால் நாலு வருஷம் முன்னால் பார்வை போனது. அதற்கப்புறம் சிறுநீரகம். அத்தான் லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வீடு. ஆனால் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அக்காவைப் பார்க்க வேண்டும். தடவித் தடவி ரீடயல் அடித்து, லைன் கிடைக்கும்வரை விடமாட்டாள். மதிய ஸ்லாட்தான் வேண்டும் அவளுக்கு. கீழ்வீட்டுக்காரர் பன்னிரண்டு மணிக்கு அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறார், காரில் வாசலிலேயே இறக்கிவிடுவார். யார் தயவும் இல்லாமல் அவள் தானாகச் செய்கிற காரியம் அந்த ஒரு போன்.

இனி போன் கிடையாது. எல்லாம் வெப்சைட்டில். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது.

மார்ச் 6, வியாழன்

மையத்தின் கவுன்ட்டர் அம்மா ஆபீஸுக்கு வந்திருந்தார், பரீட்சித்துப் பார்க்க. பசை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்த காலண்டரில் ஒரு நோயாளிக்குத் திங்கள், செவ்வாய், புதன் என்று வரிசையாகப் போட்டார். அதுவும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது.

"இப்படித் தொடர்ந்து மூணு நாள் போட்டுட்டு மீதி நாலு நாள் சும்மா இருந்தா அந்த ஆளு என்னம்மா ஆவாரு?" என்றார் அவர்.

கேள்வி எவ்வளவு எளிது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். அந்தக் காலண்டருக்கு அது தெரியாது. எப்படித் தெரியும்? ஹோட்டல் ரூமுக்கும் முடிவெட்டுகிற கடைக்கும் சேர்த்துச் செய்தது. பார்க்கவும் சகிக்கவில்லை. சாம்பல் நிறம், தடித்த கோடு, கழுவாத எவர்சில்வர் தட்டு மாதிரி ஒரு களை.

முதலாளியின் தீர்வு: "மேல சிவப்புல ஒரு நோட் போட்டுடு. 'தொடர்ந்து எடுக்காதீர்கள்'னு."

நோட். படித்துவிட்டுத் திருந்திவிடுவார்கள். "நானே எழுதறேன். எல்லாத்தையும்" என்றேன். பத்து நாள் கொடுத்தார், பெரிய தானம் செய்கிற மாதிரி.

மார்ச் 7, வெள்ளி

பலூனை அழித்தேன். இந்த வாரத்தில் செய்த ஒரே நல்ல காரியம்.

மார்ச் 10, திங்கள்

டெம்ப்ளேட்டைத் தூக்கியாகிவிட்டது. பதினேழு பிளகின்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இரண்டு பிளகின்கள் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தன. ஒன்று எதற்கென்று ஒட்டியவனுக்கே தெரியவில்லை. "அது இருந்துச்சு, நானும் வச்சேன்" என்கிறான். என்ன ஜென்மமோ.

அப்புறம் மேசைக்கு வந்து நின்றான். எதையோ மென்றுகொண்டே.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்ங்கற ரூலை மட்டும் நீ எழுதும்மா. காலண்டரை விட்டுடு. அது பல பேர் அடிச்சுத் துவைச்ச சாமான்."

"அந்த அழுக்கு மூஞ்சியையா?"

"மூஞ்சி அழுக்குதான்" என்றான். போய்விட்டான். ரோஷம்கூட வராது அவனுக்கு.

ரூல் எழுத ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. மீதி நாளெல்லாம் காலண்டருக்கு. என் பட்டன், என் கோடு, என் நிறம். யாரோ மென்று துப்பியதை எடுத்து நான் ஏன் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்?

மார்ச் 14, வெள்ளி

காலை, மதியம், மாலை என்று எழுதுவதற்குப் பதிலாக மூன்று சூரியன் வரைந்தேன். உதிக்கிறது, உச்சியில் நிற்கிறது, பாதி மறைந்திருக்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். பசை எட்டிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு" என்றான். அவன் பாராட்டினால் ஏதோ தப்பு இருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

மார்ச் 18, செவ்வாய்

முடிந்தது. ஒரே நொடியில் திறக்கிறது. பச்சைக் கட்டம் என்றால் காலி, சிவப்பு என்றால் நிரம்பியது. செவ்வாயைத் தொட்டால் திங்களும் புதனும் தானாக மங்கிவிடும். முதலாளி நாலு தடவை தொட்டுப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அந்த முகத்தைப் பார்க்கவே பத்து நாள் உழைத்திருக்கலாம்.

மதியம் அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் விவரித்தேன்.

"பச்சைக் கட்டம் காலிக்கா. அதைத் தொட்டாப் போதும். ஒரு விரல் வேலை."

"பச்சையா. சரிடி" என்றாள். "ரொம்ப அழகா இருக்குமே." 

"அழகுதான். சூரியன்லாம் வரைஞ்சிருக்கேன்."

"சின்ன வயசுலயே நீ நல்லா வரைவே" என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

பத்து மணிக்குத் திறந்தோம். பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கெல்லாம் மதிய ஸ்லாட் முழுக்க நிரம்பிவிட்டது. ஒரு பிழைகூட இல்லை.

அக்காவிடம் கேட்டேன், போட்டாயா என்று.

"போட்டாச்சு, போட்டாச்சு."

மார்ச் 25, செவ்வாய்

முதலாளி என் சூரியன்களை எடுத்து, எங்கள் கம்பெனி விளம்பரத்தில் போட்டிருக்கிறார். அடியில் 'ஒவ்வொரு வரியும் எங்கள் கைவண்ணம்'. மூன்று வாரம் முன்னால் "ஓடுதுல்ல" என்ற அதே வாய். இவருக்கெல்லாம் கூச்சம் என்று ஒன்றைக் கடவுள் வைக்கவே இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். சோபாவில் உட்கார்ந்தபடியே கண் சொருகினாள். வலது முழங்கையில் சிராய்ப்பு.

"என்னக்கா இது?"

"செவுத்துல உரசிட்டேன். காலைல சீக்கிரம் எழுந்துக்கறேன்ல, தூக்கக் கலக்கம்."

"ஏன் சீக்கிரம்?"

"அஞ்சரை ஸ்லாட் எடுத்திருக்கேன். வெயில் இல்லை, கூட்டம் இல்லை. நல்லாத்தான் இருக்கு."

மதியம் என்றால் உயிரை விடுவாளே. கேட்டேன். பேச்சை மாற்றினாள், அத்தானின் லாரி எங்கேயோ நிற்கிறது என்று. நானும் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மையத்தில் பிரிண்டர் பேப்பரைத் தின்கிறது என்று கூப்பிட்டார்கள். போனேன். வாசலில் பினாயில் நெடி, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றின் கால் உடைந்து டேப் சுற்றியிருக்கிறது. சரிசெய்துவிட்டுக் கிளம்பும்போது கவுன்ட்டர் அம்மா சும்மா சொல்கிற மாதிரி சொன்னார்.

"உங்க அக்காவுக்கு நீங்களே போட்டுக் குடுத்துடலாமேம்மா. பாவம், ரெண்டு வாரமா சனிக்கிழமை மெஷின்லேர்ந்து எழுந்து தள்ளாடிக்கிட்டே இங்க வந்து, 'மிச்சம் எது இருக்கோ அதைக் குடுங்க'ன்னு நிக்கறாங்க. மிச்சம்னா அஞ்சரைதான் இருக்கும். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க. மனசு கேக்கலை."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவள் போடவே இல்லை. போட முடியவில்லை. என் சைட்டில்.

ஏப்ரல் 4, வெள்ளி

லீவு போட்டுவிட்டு ஒன்பதரைக்கே அக்கா வீட்டில் இருந்தேன். கதவைத் திறந்தவள் என் மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். "அந்தம்மா சொல்லிட்டாங்களா?" என்றாள்.

பத்து மணிக்கு, "எப்பவும் பண்ற மாதிரி பண்ணு, நான் பேசலை" என்றேன். அவள் போனைக் கையில் எடுத்தாள். திரையில் விரல் படுகிற இடத்தை அந்தப் போன் வாய்விட்டுப் படிக்கும், அதைக் கேட்டுத்தான் அவளுக்கு எல்லாம். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏழு" என்றது போன். "எட்டு. ஒன்பது. பத்து."

அவ்வளவுதான். ஏழு காலியா, நிரம்பினதா? ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தடவை தட்டினாள். மௌனம். எடுத்துக்கொண்டதா இல்லையா? அதுவும் இல்லை. விரலைக் கீழே நகர்த்தினாள்.

"படம்" என்றது. "படம். படம்."

என் சூரியன்கள்.

பத்து நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்தையும் நான் என் கண்ணால் பார்த்தேன். என் மவுஸால் தொட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் கையில் கொடுத்துப் பார்க்கத் தோணலையே எனக்கு. பார்வை போன அக்காகிட்ட போன்ல பச்சை, சிவப்புன்னு கதை சொல்லியிருக்கேன். என்ன பொம்பளை நான்? சீ. பசையோட கீபோர்டைப் பார்த்துச் சீன்னு எழுதி வச்சேனே, இப்ப எனக்கு என்னைப் பார்த்தாக் குமட்டுது.

"ஏன்க்கா சொல்லலை?"

"எப்படிடி சொல்றது? அவ்வளவு ஆசையா பண்ணினே." கொஞ்ச நேரம் போனைத் தடவிக்கொண்டிருந்தாள். "பச்சைன்னு சொன்னே. எனக்குப் பச்சை நல்லாத் தெரியும்டி. எங்க இருக்குன்னுதான் தெரியலை."

போனை வாங்கி நானே போடப் போனேன். அதற்குள் மதியம் முழுக்க நிரம்பியாயிற்று. மிச்சம் ஐந்தரைதான். அதைப் போட்டேன். "அடுத்த வெள்ளிலேர்ந்து நானே போட்டுத் தரேன்க்கா" என்றேன்.

"நீ ஒரு வேலையில மாட்டிக்கிட்டேன்னா?" என்றாள். "அப்புறம் வெள்ளிக்கிழமை ஆனா உன் போனுக்காக உக்காந்திருக்கணும். அதுக்கு அந்தம்மா கால்லயே விழுந்துடலாம்."

கிளம்புவதற்கு முன்னால் ஆபீஸின் சோதனைப் பக்கத்தில் இன்னும் பழைய பிரதி கிடக்கிறதா என்று பார்த்தேன். கிடந்தது. பலூனோடு. அந்தச் சாம்பல் காலண்டரைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

"ஏப்ரல் எட்டு, செவ்வாய், காலியாக உள்ளது, பட்டன்" என்றது போன். தட்டினாள். "தேர்ந்தெடுக்கப்பட்டது." இரண்டு தள்ளி. "ஏப்ரல் பத்து, வியாழன், காலி இல்லை." அவள் விரல் ஓட ஆரம்பித்தது. போன மாசம்வரை ரீடயல் அடித்த அதே வேகம்.

"இது யாருடி பண்ணினது?"

"யாரோ. தெரியாது."

"நல்லா பண்ணியிருக்காங்க" என்றாள்.

ஏப்ரல் 5, சனி

முதலாளியிடம் போனேன். காலண்டரை மாற்ற வேண்டும், பழையதைத் திரும்பப் போட வேண்டும் என்றேன்.

"நல்லாத்தானே ஓடுது? ஒருத்தருக்காகவா மாத்துவாங்க?"

"ஒருத்தர் இல்லை சார். கவுன்ட்டர்ல கேட்டுட்டேன். நாற்பத்திரண்டுல ஒன்பது பேருக்குப் பார்வை சரியில்லை. சர்க்கரை."

"அந்தக் காலண்டர் அசிங்கமா இருக்குன்னு நீதானே சொன்னே?"

நான்தான் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது, அவர் வாயிலிருந்து வரும்போது எச்சில் பட்ட மாதிரி இருந்தது. விளம்பரத்தில் சூரியனைப் போட்டாயிற்றாம், எப்படி எடுப்பதாம். "சூரியன் இருக்கட்டும் சார், பக்கத்துல மத்தியானம்னு எழுதிக்கறேன்" என்றேன். "என்னமோ பண்ணு, திங்கட்கிழமைக்கு மேல ஆகக் கூடாது" என்றார். வியாழன்வரை ஆகும் என்று நான் சொல்லவில்லை.

மேசைக்குத் திரும்பினேன். பசையிடம் கேட்க நாக்கு எழவில்லை. நான் கேட்பதற்குள் அவனே ஒரு ஃபோல்டரை அனுப்பியிருந்தான். கழற்றிப் போட்ட காலண்டர், பத்திரமாக.

"தூக்கிப் போடலியா?"

"நீ தூக்கிப் போட்டே. நான் எடுத்து வச்சேன்." ஒரு பிஸ்கட்டைப் பிட்டு வாயில் போட்டான். "உன் ரூலை அழிச்சுடாதே. அது எந்தக் கடையிலயும் கிடைக்காது."

திட்டியிருந்தால் தேவலை. மூக்கறுத்துவிட்டு, அறுத்தது தெரியாமல் பிஸ்கட் தின்கிறான்.

ஏப்ரல் 7, திங்கள்

ஒட்டுகிற வேலை. நான். என் தலையெழுத்து.

அந்தக் காலண்டரைப் பிரித்துப் படிக்கிறேன். பாதி வரிகள் எதற்கென்றே தெரியவில்லை. ஒரு இடத்தில் நாற்பது வரி, கண்ணுக்கு ஒன்றுமே செய்யவில்லை, வெட்டி எறியக் கை துறுதுறுத்தது. மேலே எழுதியவர் குறிப்பு ஒன்று: இதை வீண் என்று நினைத்து இரண்டு தடவை நீக்கினோம், இரண்டு தடவையும் பார்வையற்ற ஒருவர்தான் எழுதிச் சொன்னார், தயவுசெய்து தொடாதீர்கள்.

கையை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அக்காவோடு நானும் முதல் பஸ்ஸில் போனேன். நாலு நாற்பதுக்கு வீட்டை விட்டு இறங்கினோம். கடைகள் எல்லாம் ஷட்டர் போட்டிருந்தன. குப்பைத்தொட்டியை நாய்கள் கவிழ்த்திருந்தன. அக்கா குச்சியால் தட்டிக்கொண்டு, உதட்டுக்குள் அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தாள். நூற்றுப்பத்தில் நின்றாள். "இங்க ஒரு பள்ளம், பார்த்து வா" என்றாள், என்னைப் பார்த்து. 

முழங்கைச் சிராய்ப்பு அந்தப் பள்ளத்தில்தான். சுவரில் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

மாட்டிவிட்டேன். அவர்கள் காலண்டர், அதற்கு அடியில் என் ரூல். இரண்டும் பேசிக்கொள்ளவே ஒரு நாள் ஆனது. சூரியன்களுக்குப் பக்கத்தில் வார்த்தை போட்டேன். பக்கம் திறக்க இப்போது இரண்டரை நொடி. கண்ணால் பார்த்தால் சாம்பல், தடித்த கோடு, அதே கண்றாவி. நிறத்தையாவது மாற்றலாம் என்று பார்த்தேன், மாற்றினால் எழுத்து மங்குகிறது, பாதிப் பார்வை உள்ளவர்களுக்குத் தெரியாது. அப்படியே விட்டேன்.

இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு, போன் சொல்வதை மட்டும் கேட்டு மூன்று தடவை ஸ்லாட் எடுத்தேன். பசை எதிரில் உட்கார்ந்து பார்த்தபடியே தன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான், எனக்காகவோ என்னவோ. அந்த மஞ்சள் போகவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பத்து மணிக்கு என் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்குப் போன் செய்யக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு. திரையில் பதிவுகள் வரிசையாக விழுந்தன. பத்து மூன்றுக்கு அவள் நம்பர் வந்தது.

அரை மணி கழித்து அவளே கூப்பிட்டாள்.

"புதன்கிழமையைத் தொட்டுப் பார்த்தேன்டி, வேணும்னே."

"என்ன சொல்லுச்சு?"

"மத்ததெல்லாம் தேன் ஒழுகப் பேசுது. 'தயவுசெய்து தேர்ந்தெடுக்கவும், தயவுசெய்து காத்திருக்கவும்'னு. புதனைத் தொட்டதும், 'முடியாது. செவ்வாய் எடுத்தால் புதன் கிடையாது. ஒரு நாள் விட்டு எடுங்கள்'னுச்சு." சிரிக்க ஆரம்பித்தாள். "அது நீதானே?"

நான்தான். ரூலோடு சேர்த்து அன்றைக்கு எரிச்சலில் எழுதிய வாக்கியம். இந்தச் சைட்டில் நான் எழுதியதில் போன் வாய்விட்டுச் சொல்வது இப்போது ஏறக்குறைய அதுதான்.

"கொஞ்சம் மரியாதையா மாத்திடறேன்க்கா."

"வேணாம், இருக்கட்டும். தெரிஞ்ச குரலா இருக்கு."

வரும் வாரம் கீழ்வீட்டுக்காரர் காருக்காக வாசலில் நிற்கும்போது குடை வேண்டுமா என்று கேட்டாள். பார்த்துச் சொன்னேன், மழை இல்லை. போனை வைத்துவிட்டு மறுபடி ஒரு தடவை பட்டியலைத் திறந்து பார்த்தேன். செவ்வாய், வியாழன், சனி. மதியம் பன்னிரண்டரை. அவளே போட்டது.